சாமுண்டி பிடித்த கயிறு

ஆவடி குவார்ட்டர்ஸில் போய் சாமுண்டீஸ்வரி வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ‘முடிச்சு ஊடு’ என்று கேட்டால் ஐஸ் விற்கிறவன்கூடக் கையைக் காட்டுவான். பத்து வருஷம் அந்த வீட்டுக்கு அதுதான் விலாசம். அந்தப் பட்டப்பெயர் அவளுடையது அல்ல, அவள் புருஷன் தேவராஜுடையது. ஆனால் யாராவது அப்படிக் கூப்பிடுகிறபோது சுருக்கென்று தைத்தது அவளுக்குத்தான். அவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். அப்படிச் சிரிக்கிற ஆளைக் கட்டிக்கொண்டவள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கோபப்பட வேண்டியிருக்கிறது.

மேனாம்பேட்டில் பிறந்தவள். அம்மா நாற்று நட்ட வயல் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் போன பிறகு, அதே இடத்தில் எழுந்த கம்பெனியில் அம்மா தரை கூட்டினாள். சாமுண்டி அங்கேயே பல்புகளுக்கு அட்டைப் பெட்டி மடித்தாள். சின்ன வயசிலிருந்தே அவளுடைய கோபம் ஒரு தினுசு. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் கத்துவார்கள், கொஞ்ச நேரத்தில் ஆறிப்போகும். இவள் கத்த மாட்டாள். ஒரு தடவை குழாயடியில் குப்பம்மா என்கிறவள் வரிசையில் முந்துவதற்காக இவள் குடத்தை உதைத்து நசுக்கிவிட்டாள். சாமுண்டி வாயைத் திறக்காமல் நசுங்கின குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். குப்பம்மா அதை மறந்தே போனாள். அடுத்த பொங்கலுக்குக் குப்பம்மா புதுப் பித்தளைக் குடம் வாங்கி, பொட்டு வைத்துக் குழாயடிக்குக் கொண்டுவந்த அன்றைக்கு, சாமுண்டி நேராகப் போய் ஒரே உதை விட்டாள். “இப்ப சரியாப் பூட்ச்சி” என்று சொல்லிவிட்டுத் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

தேவராஜ் திருநின்றவூர்க்காரன். ஃபாக்டரியில் வெல்டர். யார் எந்தத் திசையிலிருந்து கூப்பிட்டாலும் சோற்றில் கை வைத்திருந்தால்கூட “தோ கீறேன்”, அதாவது இதோ இருக்கிறேன், என்று குரல் கொடுக்கிற மனுஷன். கோபம் என்று ஒன்று இருப்பதே அவனுக்குப் பெண்டாட்டி வந்த பிறகுதான் தெரியும்.

அந்தக் காலத்தில் ஃபாக்டரிப் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கிரிக்கெட், இல்லாவிட்டால் மேட்னி ஷோ. ஒரு சிலர் மட்டும் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் போய், வெள்ளைக்காரன் காலத்துக் கிடங்கு ஒன்றின் இடிந்த சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். மாதத்துக்கு ஒரு தடவை திருப்பதி பாசஞ்சரைப் பிடித்து ஏகாம்பரகுப்பத்தில் இறங்கி நகரி மலைக்குப் போவார்கள். மலையேற்றக் குழு என்று பெயர். தேவராஜ் அதில் முதல் ஆள்.

குழுவை ஆரம்பித்தவர் பார்த்தசாரதி. ஃபாக்டரியில் மேற்பார்வை பார்க்கிற சார்ஜ்மேன், கும்பகோணத்துக்காரர், வடக்கே இமயமலைப் பக்கம் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவர். பாறையில் ஏறுகிற ஆசை அவருக்கு உண்டு. ஏறினதைப் பேப்பரில் போட்டுப் பார்க்கிற ஆசை அதைவிட அதிகம். குழு எங்கே போனாலும் அவர் கழுத்தில் கேமரா தொங்கும். மறு வாரம் ஏதாவது ஒரு பத்திரிகையின் மூலையில் ‘ஆவடி இளைஞர்கள் சாதனை’ என்று நாலு வரி வரும். அதை வெட்டி, குழு கூடுகிற ஃபாக்டரி மன்றத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, வருகிறவன் போகிறவனையெல்லாம் நிறுத்திப் படிக்க வைப்பார்.

பாறையில் ஏறுகிறவனுக்கு ஒரு காவல்காரன் உண்டு. அவன் மேலே திட்டில் உட்கார்ந்து, கயிற்றைத் தன் இடுப்பைச் சுற்றிவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். கீழேயிருந்து ஏறி வருகிறவன் அந்தக் கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் முடிந்திருப்பான். சறுக்கினால் காவல்காரனுடைய பிடிதான் உயிர். அதனால் காலெடுத்து வைக்கும்முன் ஏறுகிறவன் குரல் கொடுத்துக் கேட்க வேண்டும், மேலே இருப்பவன் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் ஓரடி நகரக் கூடாது. பார்த்தசாரதி அதற்கு ஏதேதோ இங்கிலீஷ் வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். நம்ம பையன்கள் வாயில் அதெல்லாம் நிற்குமா? “கீறியா?” என்று கீழே இருப்பவன் கேட்பான். “கீறேன்!” என்று மேலே இருப்பவன் சொல்வான். பார்த்தசாரதிக்கு அது காதில் நாராசமாக விழுந்தது. வேறு வழியில்லை, மலையில் அதுவே சட்டமாகிவிட்டது.

எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தில் தேவராஜ் நகரி மலையில் விழுந்தான். பாறையில் ஓர் இடம் வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும், பையன்கள் அதைத் தொப்பை என்பார்கள். பார்த்தசாரதி முதலில் ஏறித் தொப்பைக்கு மேலிருந்த திட்டில் காவல் உட்கார்ந்தார். தேவராஜ் அடுத்து ஏறினான். மற்ற பையன்கள் மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது தேவராஜ் கீழே நினைவில்லாமல் கிடந்தான். பார்த்தசாரதி அவர்களுக்கு முன்பே திட்டிலிருந்து பின்பக்கமாக இறங்கிவந்து, அவனுக்குப் பக்கத்தில் மண்டி போட்டுக்கொண்டு, கயிற்றின் வெறும் நுனியைக் கையில் பிடித்திருந்தார்.

“முடிச்சு அவுந்துடுச்சுப்பா. எத்தனை தடவை சொல்லியிருக்கேன், சரியா முடிச்சுப் போடுன்னு” என்று சொல்லி அழுதார்.

அவரே அவனை முதுகில் சுமந்து மலை இறங்கினார். வழியில் வேறு யாரையும் தொட விடவில்லை. மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் பையோடு வந்தார். அவரைப் பார்த்ததும் சாமுண்டி, வராந்தாவில் அத்தனை ஜனங்களுக்கு நடுவில், நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தாள். “என் தாலிய காப்பாத்தின சாமி” என்று அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் குனிந்து அவளைத் தூக்கி, “என் கடமைம்மா” என்றார். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் பிற்பாடு செய்ததற்கெல்லாம் புருஷனுடைய கால் பாதிக் காரணம். அன்றைக்கு அவள் பிடித்த அந்தக் கால்கள் மீதிக் காரணம்.

தேவராஜ் பிழைத்தான். இடுப்பு சரியாகக் கூடவில்லை, வலது கால் இழுத்துக்கொண்டது. வெல்டிங் போயிற்று. கேட்டில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள். விழுந்தது எதுவும் அவனுக்கு ஞாபகமில்லை. “கீறியான்னு கேட்டேன். கீறேன்னு சொன்னாரு. அத்தோட சரி” என்பான். முடிச்சைத் தான்தான் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று மனசார நம்பினான். கோவிந்தராஜ் என்று ஒரு பையன், குழுவிலேயே வாய் நீளம், அவன்தான் விளையாட்டாக ‘முடிச்சு’ என்று பெயர் வைத்தான். டீக்கடையில் “முடிச்சு அண்ணாத்தே, உனக்கு டீயா பாலா?” என்று கேட்கிற அளவுக்கு அது பரவிற்று. குழுவில் புதுசாகச் சேருகிற பையன்களுக்கு முதல் பாடமே “முடிச்சு மாதிரி முடிச்சுப் போடாத” என்பதுதான்.

ஆனால் வீட்டில் அவன் என்ன செய்தான் என்று சாமுண்டிக்குத்தான் தெரியும். ஜன்னல் கம்பியில் ஒரு துண்டுக் கயிற்றைத் தொங்கவிட்டிருந்தான். டியூட்டி முடிந்து வந்ததும் அதன் எதிரே உட்கார்ந்து அந்த ஒரே முடிச்சைப் போடுவான், இழுத்துப் பார்ப்பான், அவிழ்ப்பான், மறுபடி போடுவான். ஒரு தடவைகூட அது தப்பாக விழுந்ததில்லை. “அன்னிக்கி மட்டும் எப்டிடி தப்பாப் பூட்ச்சி?” என்று அவளைக் கேட்பான். அவள் அடுப்பங்கரைக்குள் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

பார்த்தசாரதிக்கு நல்ல காலம். தேவராஜ் விழுந்ததற்குக் கொஞ்சம் முன்பு திட்டிலிருந்து எடுத்த போட்டோ ஒன்று அவரிடம் இருந்தது. மேலிருந்து கீழே பார்த்து எடுத்தது. தொப்பைப் பாறையை அணைத்துக்கொண்டு தேவராஜ் அண்ணாந்து சிரிக்கிறான். அவன் மார்புக்குக் குறுக்கே கயிறு தொங்குகிறது. அது பத்திரிகையில் வந்தது, ஏதோ போட்டியில் பரிசு வாங்கிற்று, பெரிதாக்கிச் சட்டம் போட்டு மன்றத்தில் மாட்டினார்கள். அடியில் ‘படம்: பார்த்தசாரதி’. ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் அவர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்: “இது அவன் விழறதுக்கு முந்தின நொடி. இந்தச் சிரிப்பு இருக்கே, அது வாயிலேர்ந்து மறையறதுக்குள்ள விழுந்துட்டான்.” கூட்டம் உச்சுக் கொட்டும். தேவராஜ் முதல் வரிசையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து தானும் தலையாட்டுவான். வருஷா வருஷம் சாமுண்டி அவருக்குக் காபி ஆற்றிக்கொடுத்தாள். டம்ளரைத் துடைத்துக் கொடுத்தாள்.

எண்பத்தேழில் குழுவில் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று அறிவித்தார்கள். பேப்பரில் வருமே! சாமுண்டி மறுநாளே போய் நின்றாள். தேவராஜ் பதறிவிட்டான்.

“உனுக்கு இன்னாத்துக்குடி இது? ஒரு கால் போன ஊட்ல ரெண்டாவது ஆளு ஏறணுமா?”

“முடிச்சு ஊட்டுக்காரிக்கும் முடிச்சுப் போட வரும்னு காட்டணும்யா. அவ்ளோதான்.”

அவ்வளவுதான் அப்போது அவள் மனசில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். புடவைக்குள் புருஷன்மார்களின் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, சுவருக்குப் போய்ப் புடவையைக் களைந்து மடித்து வைத்துவிட்டு ஏறுவார்கள். முதல் மாதம் தெருவே சிரித்தது. அப்புறம் சிரித்துச் சிரித்து அதுவே அலுத்துவிட்டது. பெட்டி மடித்த விரல்களோ, கறுவிக்கொண்டே இருந்த மனசோ, சாமுண்டிக்குப் பாறை படிந்தது.

எண்பத்தொன்பதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, விஷயம் உடைந்தது. சாமுண்டி கிடங்குச் சுவருக்கு மேலே காவல் உட்கார்ந்திருந்தாள். பொன்னியம்மா ஏறிக்கொண்டிருந்தாள். வெயிலில் சாமுண்டியின் கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. துடைப்பதற்காக ஒரு கையை எடுத்தாள். கீழேயிருந்து பார்த்தசாரதி ஓங்கிக் கத்தினார்.

“ஏம்மா! அறிவிருக்கா? காவல் உட்கார்ந்தவ ரெண்டு கையும் கயித்துல இருக்கணும்! கண்ணுல மிளகாப் பொடி விழுந்தாலும் எடுக்கக் கூடாது! கையை எடுத்தா அது கொலைம்மா, கொலை!”

அவள் கையைக் கயிற்றில் வைத்தாள். பொன்னியம்மாவைப் பத்திரமாக மேலே ஏற்றினாள். எல்லாம் முடிந்து மன்றத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். பானையிலிருந்து மொண்டு குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தாள். தேவராஜ் சிரித்துக்கொண்டிருந்தான். அடியில் ‘படம்: பார்த்தசாரதி’.

டம்ளர் கையில் அப்படியே நின்றது. அந்தக் கேமராவை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு கை அடியில் தாங்க வேண்டும், மறு கை மேலே அழுத்த வேண்டும். விழுவதற்கு முந்தின நொடியில் இரண்டு கையும் கேமராவில் இருந்தால், கயிறு யார் கையில் இருந்தது? திட்டில் அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. படத்தில் கயிறு எப்படித் தொங்குகிறது என்று கிட்டப் போய்ப் பார்த்தாள். பிடித்த கயிறு விறைப்பாக நிற்கும். இது துணி காயப்போடுகிற கொடி மாதிரித் தொய்ந்து கிடந்தது. ஆறு வருஷமாக அந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள்! எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். அவளும்தான்.

அப்படியானால் முடிச்சு? யாரும் வருவதற்கு முன்னால் அவன் பக்கத்தில் ஓடிப்போய் மண்டி போட்டவர் யார்? வெறும் நுனியைத் தூக்கிக் காட்டினவர் யார்?

அவள் அழவில்லை. தண்ணீரைக் குடித்து முடித்தாள். டம்ளரைப் பானை மேல் கவிழ்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் தன் நெற்றி பட்ட அந்தச் செருப்புக் கால்கள் ஞாபகம் வந்தபோது மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது. அன்றிரவு சோறு போடும்போது புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். “உடு சாமுண்டி, தூக்கிகினு வந்தவரு அவுருதான” என்பான். குழுவில் சொன்னால் பார்த்தசாரதி ஆயிரம் சமாதானம் சொல்வார். போட்டோ எடுத்து வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன் என்பார், முந்தின நொடி என்றது பேச்சுக்குச் சொன்னது என்பார். கும்பிட்ட கூட்டம் அவரைத்தான் நம்பும். அவர் வாயாலேயே வர வேண்டும். அதுவும் எல்லோருடைய காதும் இருக்கிற இடத்தில். குப்பம்மாவின் குடத்துக்கு ஒரு வருஷம் காத்தவளுக்கு இதற்குக் காக்கத் தெரியாதா?

காத்தாள். காத்திருந்த வருஷங்களில் அவளைப்போல் பணிவான ஆள் குழுவில் கிடையாது. “அண்ணா, அண்ணா” என்று பார்த்தசாரதி பின்னாலேயே நின்றாள். பேப்பர்காரர்கள் வந்தால் அவரைப் பற்றிப் பத்து வார்த்தை நல்லதாகச் சொன்னாள். ராத்திரியில் படுத்துக்கொண்டு, கயிற்றின் நுனியில் அவர் தொங்குவதையும் தான் கையை விடுவதையும் நினைத்துப் பார்ப்பாள். இனிப்பாகத்தான் இருக்கும். பொய் சொல்வானேன், அவள் சாமியாரிணி அல்ல. ஆனால் கையை விட்டால் அவர் செத்துப்போய்த் தியாகி ஆகிவிடுவார், தேவராஜ் முடிச்சாகவே இருப்பான். அதை நினைத்ததும் அந்த இனிப்பு கசந்துபோகும்.

தொண்ணூற்று மூன்றில் தானாக வந்து விழுந்தது வாய்ப்பு. படம் எடுத்துப் பத்து வருஷம் ஆகிறது, அதே பாறையில் விழா வைக்க வேண்டும், அதே தொப்பையில் நானே ஏறுகிறேன் என்றார் பார்த்தசாரதி. பேப்பர்காரர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. மனுஷனுக்கு அதற்குள் சொந்தமாகவே ஒரு தொப்பை வந்திருந்தது. காவலுக்குக் கோவிந்தராஜ் என்று முடிவு செய்திருந்தார். சாமுண்டி காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

“அண்ணா, கோவிந்தராஜு காவல் நின்னா அத்துல இன்னா விசேஷம் கீது? வியுந்தவன் பொண்டாட்டி காவல் நிக்கறா, காப்பாத்தினவரு ஏறுறாருன்னா பேப்பர்ல நல்லா வரும்ல?”

பார்த்தசாரதியின் முகம் மலர்ந்துவிட்டது. “அடடா! இது எனக்குத் தோணலையேம்மா” என்றார்.

விழா நாளில் பாறையடியில் திருவிழாக் கூட்டம். ஃபாக்டரி ஆட்கள், குடும்பங்கள், இரண்டு மூன்று பேப்பர்காரர்கள். தேவராஜை ஜீப்பில் கொண்டுவந்து ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மேலே போவதற்கு முன் சாமுண்டி, படம் எடுக்கக் கோவிந்தராஜிடம் கொடுத்திருந்த கேமராவை வாங்கிப் புருஷன் கையில் திணித்தாள்.

“நீ இங்க குந்திகினு மேல பாத்துகினே இரு. எப்போ தோணுதோ அப்போ அமுக்கு.”

“எனக்கு எடுக்க வராதே.”

“ரெண்டு கையால புடி, வரும்.”

அவள் பின்பக்கமாக ஏறித் திட்டுக்குப் போனாள். பாறைக் கொம்பு ஒன்றில் தன்னைக் கட்டிக்கொண்டு, கயிற்றை இடுப்பைச் சுற்றிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்தாள். விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். ஏறி வருகிறவருக்கு அவள் முகம் மட்டும் தெரியும், கை தெரியாது.

கீழே பார்த்தசாரதி கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, தன் பழக்கப்படி இங்கிலீஷில் குரல் கொடுத்தார். அவள் “கீறேன்!” என்றாள். ஏறினார். நன்றாகத்தான் ஏறினார், சும்மா சொல்லக் கூடாது. தொப்பைக்கு அடியில் வந்ததும் மூச்சு வாங்கிற்று. அடுத்த காலை வெறும் வழுக்கலில் வைக்க வேண்டும். அங்கே மறுபடி கேட்பது வழக்கம். கேட்டார்.

சாமுண்டி பதில் சொல்லவில்லை.

காற்றில் காதில் விழவில்லையோ என்று நினைத்து இன்னும் உரக்கக் கேட்டார். அண்ணாந்து பார்த்தார். அவள் முகம் விளிம்புக்கு மேலே தெரிந்தது. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னம்மா, பிடிச்சிருக்கியா இல்லையா?”

பதில் இல்லை. அவர் காலில் நடுக்கம் தொடங்கிற்று. முதலில் முழங்கால், அப்புறம் தையல் மெஷின் மாதிரி இரண்டு காலும். இங்கிலீஷ் போய்விட்டது. கும்பகோணமும் போய்விட்டது.

“சாமுண்டி! கீறியா? ஏய், கீறியா?”

கீழே பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கேட்ட பிறகு பதில் வராமல் இருந்ததை அவர்கள் யாரும் அதுவரை கண்டதில்லை. பார்த்தசாரதியின் கால் சறுக்கியது. ஒரு அலறல். கயிறு விண்ணென்று இறுகியது. சாமுண்டியின் இடுப்பும் உள்ளங்கையும் பற்றி எரிந்தன. அவள் இம்மிகூட விடவில்லை. பார்த்தசாரதி தொப்பைக்கு அடியில் அந்தரத்தில் சுழன்றுகொண்டு தொங்கினார்.

“இறக்கும்மா! இறக்கு!”

இப்போது வாயைத் திறந்தாள். குழாயடியில் வளர்ந்த குரல், பாறையில் மோதித் திரும்பி வந்தது.

“அன்னிக்கி எம் புருஷன் கீறியான்னு கேட்டான். கீறேன்னு சொன்னே. கயிறு எங்க இருந்துச்சி?”

“என்னம்மா இதெல்லாம்! எல்லாரும் பாக்கறாங்க…”

“பாக்கத்தான் சொல்றேன். கயிறு எங்க இருந்துச்சி?”

ஒரு முழம் கயிற்றை வேண்டுமென்றே நழுவவிட்டுப் பிடித்தாள். ஒரே ஒரு முழம். அதற்கு அவள் பிற்காலத்தில் ஒரு நாளும் வருத்தப்படவில்லை. அவர் கத்திவிட்டார்.

“மடியில! மடியில கிடந்தது! கேமரா கையில இருந்தது!”

“முடிச்சு?”

அவர் அழ ஆரம்பித்துவிட்டார். “நான்தான் அவுத்தேன்! சரியாத்தான் போட்டிருந்தான், நான்தான் அவுத்தேன்! இறக்கும்மா, கீறியா, சாமுண்டி, கீறியா…”

பாறை அதை இன்னொரு தடவை சொல்லிற்று. கீழே நாற்காலியில் தேவராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு கேமராவை இரண்டு கையாலும் கண்ணுக்குக் கொண்டுபோய் அமுக்கினான். அந்தச் சின்னச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“கீறேன்” என்றாள் சாமுண்டி. மெல்ல மெல்ல, ஒரு குழந்தையைத் தொட்டிலில் விடுவது மாதிரி, அவரைக் கீழே இறக்கினாள்.

அந்தப் போட்டோ கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. ஆனால் எல்லாம் தெரிந்தது: நடுவில் கையைக் காலை விரித்துத் தொங்கும் பார்த்தசாரதி, மேலே விளிம்பில் ஒரு பெண் முகம், இரண்டுக்கும் இடையில் விறைத்து நிற்கும் கயிறு. பேப்பர்காரர்களில் ஒருவரும் அதைப் போடவில்லை. குழு போட்டது. பழைய படத்துக்குப் பக்கத்திலேயே சட்டம் போட்டு மாட்டினார்கள். கோவிந்தராஜே ஏணியில் ஏறி ஆணி அடித்தான். அடியில் ‘படம்: தேவராஜ்’ என்று எழுதினான். இறங்கி வந்து, “அண்ணி, பேரு வெச்சது நான்தான், மன்னிச்சிடு” என்றான். “மன்னிக்கறதா இல்ல. ஆணி நல்லா அடிச்சியா?” என்றாள் சாமுண்டி. அந்த வாரமே பார்த்தசாரதி குழுவிலிருந்து விலகிவிட்டதாகச் சொல்லியனுப்பினார்.

ஜன்னல் கம்பியிலிருந்த துண்டுக் கயிற்றைத் தேவராஜே ஒரு நாள் அவிழ்த்து எடுத்தான். அவள் உள்ளங்கையில் தோல் உரிந்த இடத்துக்குத் தினமும் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசல் கேட் கிறீச்சிட்டது. ஜன்னல் வழியாகச் சாமுண்டி பார்த்தாள். கையில் ஆப்பிள் பையோடு பார்த்தசாரதி நின்றுகொண்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். உள்ளே வரத் துணியவில்லை.

“தேவராஜ்…” என்று கூப்பிட்டார். “தேவராஜ், கீறியா?”

தேவராஜின் கை சோற்றில் நின்றது. பழக்கத்தில் வாய் திறந்தது. யார் கூப்பிட்டாலும் குரல் கொடுத்தே வளர்ந்த வாய். சாமுண்டி கரண்டியைப் பிடித்தபடி அவனையே பார்த்தாள். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

“கீறியாப்பா, தேவராஜ்?”

தேவராஜ் வாயை மூடிக்கொண்டான். வெறும் ஜன்னல் கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தட்டின் மேல் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

“ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றான்.

சாமுண்டி ஊற்றினாள்.